சரக்கு வண்டியை நிறுத்திய சிவப்பு இலைகள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் சிரிப்பில் ஏதாவது விட்டுப்போகும்.

1. ஆடி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு, பழனிப் பக்கமிருந்து வந்த சரக்கு வண்டி எங்கள் ரயில் நிலையத்துக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிட்டது.

2. கைகாட்டி இறங்கியிருந்தது. வண்டி உள்ளே வரலாம் என்று அதற்குப் பொருள்.

3. தண்டவாளத்தில் மாடு இல்லை, ஆள் இல்லை, கல் இல்லை.

4. வண்டி விடாமல் ஊதியது. ஸ்டேஷன் மாஸ்டரான என் கணவர் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் மேற்கு முனைக்கு ஓடினார். எவ்வளவு வீசியும் வண்டி நகரவில்லை.

5. டிரைவர் இறங்கி நடந்தே வந்தார். வந்ததும், "எவன்யா இங்க நின்னு செவப்புத் துணிய ஆட்டுறது?" என்று கேட்டார்.

6. துணி எதுவும் இல்லை. அந்த முனையில் நான் நட்டு வளர்த்த முப்பத்தொரு செடிகள் இருந்தன. இடுப்பு உயரம். வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும் இலைகள், நல்ல ரத்தச் சிவப்பு. பின்னாலிருந்து காலை வெயில் அவற்றை ஊடுருவிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஆடிக் காற்று.

7. வண்டி பதினேழு நிமிடம் தாமதம். 'தாமதத்தின் காரணம்' என்ற கட்டத்தில் என் கணவர் 'இலை' என்று எழுதினார். வேறு என்ன எழுதுவது என்று அவருக்குத் தோன்றவில்லை.

8. மேலதிகாரி வருடாந்திரப் பார்வைக்கு வர இன்னும் பத்தொன்பது நாள். அன்று தோட்டம் அவர் கண்ணுக்கு நன்றாகப் பட்டால்தான், அதற்குத் தண்ணீர் ஊற்றும் பேச்சியக்காவின் வேலை நிலைக்கும்.

எட்டாவதுதான் முக்கியமானது. முதல் ஏழையும் நினைத்து நான் அன்று காலை சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்து முடிக்கக் கால் மணி ஆயிற்று. எட்டாவது நினைவுக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

*

பினாங்கில் பத்திரிகை நடத்தும் நீங்கள் என்னை எழுதச் சொன்னது வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி. கப்பலில் வந்து இறங்கி இந்த வாரத்தோடு ஐந்து வருடம் ஆகிறது, ஆகவே எழுதலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் இங்கே யாரிடமாவது நான் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னால் சிரிப்பார்கள். என் அப்பா செம்பட்டிக்காரர். இருபது வயதில் பினாங்குக்குக் கப்பல் ஏறியவர். அவருடைய தங்கை மகனைத்தான் நான் கட்டியிருக்கிறேன். திண்டுக்கல் ஜங்ஷனில் வந்து இறங்கிய அன்று என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "அப்பாடா, ஒரு வழியா சொந்த ஊருக்கு வந்து சேந்துட்ட." நான் அந்த ஊரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அரசாங்கம் மட்டும் என் பக்கம். என் கடவுச்சீட்டு மலாயாவுடையது என்பதால் வருடத்துக்கு ஒருமுறை திண்டுக்கல் போய், வெளிநாட்டார் என்று பதிவைப் புதுப்பித்துக்கொண்டு வர வேண்டும். அங்கே மேஜையில் இருந்தவர் முதல் வருடம் கேட்டது நினைவிருக்கிறது.

"சொந்த ஊரு எதும்மா?"

"பினாங்கு."

"அப்பாவுக்கு?"

"செம்பட்டி."

"வீட்டுக்காரருக்கு?"

"செம்பட்டி."

"எங்க அக்காவ செம்பட்டியிலதாம்மா குடுத்திருக்கோம். நீங்க எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன். அவருடைய அக்கா வீட்டிலிருந்து நாலாவது வீடு. காப்பி வரவழைத்துக் கொடுத்தார். அக்கா மகளுக்கு வரன் பார்ப்பது வரை பேசினார். கடைசியில் தாளில் 'அந்நியர்' என்ற இடத்தில் முத்திரையை அழுத்திக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருசம் வரும்போது மூணு போட்டோ கொண்டாங்க" என்றார்.

எங்கள் நிலையம் திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் பாதையில் இருக்கிறது. சின்ன நிலையம். ஒரு பிளாட்பாரம், ஒரு புங்க மரம், எங்கள் குடியிருப்பு, அதற்குப் பிறகு கண்ணுக்கு எட்டும் வரை சோளக் கொல்லையும் வெங்காயக் காடும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கூட்டம் பிதுங்கும். மற்ற நாட்களில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே காற்றைத் தவிர யாரும் வருவதில்லை.

பினாங்கில் நான் நில அளவைப் படம் வரையப் படித்து, இரண்டு வருடம் வேலையும் பார்த்தேன். இங்கே அந்த வேலை இல்லை. அளவுகோலும் மைக்கூடும் பெட்டியில் கிடந்தன. அதனால் பிளாட்பாரத்துத் தோட்டத்தை அளந்து வரைந்தேன். நீளம் நாற்பத்தாறு அடி, அகலம் ஐந்து அடி. காலை வெயில் எங்கே விழுகிறது, மாலை நிழல் எங்கே வருகிறது, எல்லாம் மாதவாரியாகக் குறித்தேன். என் கணவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "கமலி, இதுல செடி எங்க இருக்கு?" என்று கேட்டார். செடி இல்லை. தோட்டத்திலும் இல்லை.

*

அதுதான் பிரச்சினையே. ஐப்பசி மழைக்குப் பிறகு செண்டுப்பூவும் கோழிக்கொண்டையும் இரண்டு மாதம் கொண்டாட்டம் போடும். மாசியில் தலை தொங்கும். பங்குனியில் சருகு. மேலதிகாரியின் வருடாந்திரப் பார்வை வருவதோ ஆடியில். பூமியில் ஈரம் என்ற ஒன்று இருந்ததாகவே தெரியாத மாதம் அது. போன வருடம் வந்த அதிகாரி பதிவேட்டில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: 'தோட்டப் பணிக்கெனத் தற்காலிக ஆள் ஒருவர் தேவைதானா என்பதை அடுத்த பார்வையின்போது முடிவு செய்க.'

அந்தத் தற்காலிக ஆள் பேச்சியக்கா. பக்கத்து ஊர். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. இரண்டு பெண்கள், மூத்தவள் திண்டுக்கல்லில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள், நாள்தோறும் எங்கள் நிலையத்திலிருந்துதான் ரயிலேறிப் போய் வருகிறாள். அந்த ஊரிலிருந்து பதினோராம் வகுப்புவரை போன முதல் பெண் அவள். வேலை போனால் என்ன ஆகும் என்பதைப் பேச்சியக்கா ஒருநாள், பாத்திரம் கழுவுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்:

"என்ன ஆகப்போகுது தாயி. மூத்தவ பள்ளிக்கூடத்த விட்டுப்புட்டு எங்கூட வெங்காயம் அரிய வந்துருவா. ரெண்டு பேரு அரிஞ்சா ஒலை வச்சிரலாம்."

அன்று இரவே நான் ஒரு பட்டியல் போட்டேன். நமக்கு வேண்டிய செடி எப்படி இருக்க வேண்டும்: வருடம் முழுவதும் இலை இருக்க வேண்டும். பூவை நம்பவே கூடாது. ஒருமுறை நட்டால் பல வருடம் நிற்க வேண்டும். படராமல் நிமிர்ந்து வளர வேண்டும், ஏனென்றால் படருவதை எல்லாம் பயணிகள் மிதித்துவிடுகிறார்கள். நிறம் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கொஞ்சம் அடக்கி எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பட்டியலை எழுதி முடிக்கும்போதே விடை தெரிந்துவிட்டது. நம் ஊர் ஜென்ஜுவாங். சீனர் வீட்டு வாசலில், பள்ளிக்கூட வேலியோரம், தபால் நிலையத்து முகப்பில் என்று எங்கே பார்த்தாலும் நிற்குமே, அந்தச் சிவப்பு வாள் இலைச் செடி. பினாங்கில் இருந்தவரை நான் அதை ஒரு செடியாகவே மதித்ததில்லை. மதியம் மூன்று மணிக்கு மழை வரும், அது குளித்துக்கொள்ளும். அம்மா அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. நல்லவேளையாக, அதன் குச்சிகள் என்னிடம் அதற்கு முன்பே வந்து, குடியிருப்பின் பின்பக்கம் ஒரு மூலையில் அனாதையாக நின்றுகொண்டிருந்தன. மூன்று வருடத்துக்கு முன் என் சின்ன மாமா கப்பலில் வரும்போது, தேங்காய் நாரில் சுற்றிப் பன்னிரண்டு குச்சிகள் எடுத்து வந்தார். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி, "என்ன இது?" என்று கேட்டாராம்.

"செடி."

"செடின்னா இலை எங்க?"

"இனிமேல் வரும்."

"வந்தப்புறம் கொண்டு வந்திருக்கலாமே."

 அந்த அதிகாரி யோசித்துவிட்டு, 'விறகு, சிறிதளவு' என்று எழுதி விட்டுவிட்டார்.

*

அந்தப் பன்னிரண்டில் ஏழைக் கொன்றது நான்தான். அதை ஒளிப்பதற்கில்லை.

நம் ஊரில் செடி நடுவதென்றால் முதலில் மண்ணை மேடாகக் குவிப்போம். மழைத் தண்ணீர் வேரில் தேங்கினால் அழுகிவிடும் என்பது நமக்குப் பால்குடி வயதிலேயே தெரிந்த பாடம். நானும் பன்னிரண்டு மேடு கட்டினேன், அளவுகோல் வைத்து, ஒன்பது அங்குல உயரம். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு குச்சி. பார்க்க அழகாக இருந்தது. பேச்சியக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்து நாள் தண்ணீர் ஊற்றினார். பதினோராம் நாள் பொறுக்கவில்லை.

"தாயி, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. இது என்னத்துக்கு, கோபுரமா?"

"தண்ணி வடியறதுக்கு."

"வடியறதுக்கா?" அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டார். "இந்த ஊருல தண்ணிய எப்படி வடியாம வைக்கிறதுன்னுதானே அம்புட்டுப் பேரும் சாகுறோம்."

அதன்பிறகு சற்று நேரத்தில் மண்வெட்டியைப் பிடித்து, என் பன்னிரண்டு கோபுரங்களையும் கிண்ணங்களாக்கிவிட்டார். செடி பள்ளத்தில், வரப்பு சுற்றிலும். ஊற்றுகிற தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகாது. அதற்குள் ஏழு காய்ந்துவிட்டிருந்தன. மீதி ஐந்து பிழைத்தன.

ஐந்து முப்பத்தொன்றானதும் அவரால்தான். ஜென்ஜுவாங்கின் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி மணலில் படுக்க வைத்தால் ஒவ்வொரு கணுவிலும் முளை வரும் என்று நான் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். "கரும்புக் கரணை பதிக்கிற மாதிரிதானே?" என்றவர், நான் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே கணு மேலே பார்க்கும்படி அத்தனை துண்டையும் பதித்து முடித்திருந்தார். அன்றிலிருந்து இந்த ஊரில் அதற்குச் சீமைக்கரும்பு என்று பெயர். என் நாலு வயது மகள் மீனாவும் அப்படித்தான் சொல்கிறாள். "ஜென்ஜுவாங்" என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். "அது என்ன பேச்சும்மா, நல்லாவே இல்ல" என்றாள். காலையில் "பசியாற வா" என்று கூப்பிட்டாலும் இதே கதைதான். "சாப்பிட வான்னு சொல்லும்மா, எல்லாரும் சிரிக்கிறாக." தாத்தா பாட்டிக்குக் கடிதத்தில் ஒரு வரி எழுதச் சொன்னால், அந்த ஊருக்கு எல்லாம் தன் எழுத்துப் புரியாது என்கிறாள். அவளுக்குப் பினாங்கு என்பது தபால்தலையில் இருக்கும் ஒரு படம். வருத்தம்தான். ஆனால் அவள் பக்கத்து வீட்டுப் பையனை "ஏலே, ரயில் கேட்டு சாத்தியிருக்கு, நில்லுலே" என்று அதட்டுவதைக் கேட்டால் வருத்தப்படுவதற்கு முகம் ஒத்துழைக்காது.

இந்தச் சித்திரையில் முப்பத்தொன்றையும் பிளாட்பாரத்தின் மேற்கு முனைக்கு மாற்றினோம். பிற்பகலில் அங்கே புங்க மர நிழல் விழும். சுட்டெரிக்கும் வெயிலில் இந்த இலை ஓரம் கருகிவிடும் என்பதால் நிழல் அவசியம். வைகாசி முடிவதற்குள் இலைகள் அகன்று, நிறம் ஏறி, எப்படி நின்றன என்று சொன்னால் தற்பெருமையாகும். ஊரே வறட்டுப் பழுப்பாகக் கிடக்க, அந்த நாற்பத்தாறு அடி மட்டும் குங்குமம் கொட்டிய மாதிரி. பழனிக்குப் போகிறவர்கள் ஜன்னலிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. வண்டிகளுக்குப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் முத்தையா மட்டும் பேச்சியக்காவைச் சீண்டிக்கொண்டே இருந்தார்.

"என்ன மதினி, பூ எப்ப வரும்?"

"வராது."

"காய்?"

"அதுவும் வராது."

"பூக்காம காய்க்காம நிமிந்துக்கிட்டு மட்டும் நிக்கிதாக்கும். எங்க இன்ஸ்பெக்டர் மாதிரி."

*

இப்போது நீங்கள் சரக்கு வண்டி நின்ற காலைக்கு வந்துவிட்டீர்கள்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது, பொருளைச் சொல்கிறேன். பாதுகாப்பு விதிகளுக்கு மாறாக, ரயில் பாதையருகே சிவப்பு நிறப் பொருள் காட்சிக்கு வைக்கப்பட்டது ஏன் என்பதற்கு ஏழு நாளில் விளக்கம் தரவும். அந்தப் பொருளை உடனே அகற்றவும். அகற்றிய விவரத்தைத் தெரிவிக்கவும்.

அவர்கள் சொன்னது நியாயம்தான். பாதையோரம் சிவப்பு ஆடினால் டிரைவர் நிறுத்தத்தான் வேண்டும். அவர் நிறுத்தாமல் போயிருந்தால்தான் தப்பு. ரயில்வே வீட்டில் ஐந்து வருடம் சோறு தின்ற எனக்கு அது தோன்றாமல் போனதுதான் அதிசயம். நீள அகலம், நிழல் அளவு, நீர் அளவு எல்லாம் படத்தில் இருந்தது. அந்த முனையைத் தூரத்திலிருந்து யார் பார்ப்பார்கள் என்பது இல்லை.

நாங்கள் நாலு பேரும் செடிகளைச் சுற்றி நின்றோம்.

"பிடுங்கிட்டா முடிஞ்சு போச்சு சார்" என்றார் முத்தையா.

"பிடுங்கிட்டா ஆபீசர் வந்து என்னத்தப் பாப்பாரு?" என்றார் பேச்சியக்கா. "ஒங்க மொகரையவா?"

"ஏன், என் மொகரைக்கு என்ன கொறச்சல்? சரி, இன்னொண்ணு சொல்றேன். சுண்ணாம்பு அடிச்சிருவோம்."

"எதுக்கு?"

"இலைக்குத்தான். ஆபீசர் வர்றாருன்னா நாம எதுக்குத்தான் சுண்ணாம்பு அடிக்கல? கல்லுக்கு அடிக்கிறோம், மரத்துக்கு அடிக்கிறோம், போன தடவ அசையாம நின்ன ஒரு ஆட்டுக்கே அடிச்சோம்."

என் கணவர் சிரிக்கவில்லை. "அகற்றணும்னு எழுதியிருக்கு" என்றார். "அகற்றலேன்னா எனக்கு மெமோ. அகற்றினா பேச்சியக்காவுக்கு வேலை போயிரும். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

"அத்தான், பாதையிலிருந்துதானே அகற்றணும்" என்றேன். "உலகத்திலிருந்து இல்லையே."

நிலையக் கட்டடத்தின் வடக்குப் பக்கம், சாலையிலிருந்து பயணிகள் நுழையும் முகப்பு. அங்கே ஒன்றும் இல்லை, கட்டாந்தரை. கட்டடம் மறைப்பதால் எந்த டிரைவருக்கும் தெரியாது. நாள் முழுவதும் பாதி நிழல். படத்தில் எல்லாம் சரியாக வந்தது. படத்தில் இல்லாதது ஒன்றுதான்: வேர் பிடித்து நிற்கும் செடியை ஆடிக் காற்றில் பெயர்த்து நட்டால் பத்தில் எட்டு செத்துப்போகும். பதினாறு நாள் இருந்தது.

"காத்து ஆட்டி ஆட்டித்தான் தாயி கொல்லும்" என்றார் பேச்சியக்கா. "வேரு புடிக்க விடாது. ஆடாம நின்னாப் பொழைக்கும்."

அதற்கு அவர் செய்த வேலையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வேலியோரத்து மருளை வெட்டி வந்து, கல்லில் தட்டி நார் எடுத்தார். மருள் உங்களுக்குத் தெரியும். நம் வீட்டுத் தொட்டியில் மஞ்சள் கரை போட்ட மாதிரி நிமிர்ந்து நிற்கிற தடித்த இலை, அதன் காட்டுச் சாதி. ஒவ்வொரு ஜென்ஜுவாங்கின் இலைகளையும் மேலே கூட்டிப் பிடித்து, பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குச் சடை போடுவதுபோல மூன்று இடத்தில் அந்த நாரால் கட்டினார். காற்றுக்குப் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு சுற்றி ஒரு சாண் மண்ணோடு தோண்டி, ஈரச் சாக்கில் பொதிந்து, முத்தையாவும் என் கணவரும் நானும் தூக்கிப் போனோம். மூன்று மாலைகள். வண்டி வரும் நேரம் வேலையை நிறுத்திவிட்டு என் கணவர் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுவார், வண்டி போனதும் சட்டையைக் கழற்றிவிட்டு வருவார். மீனா ஒரு உதிர்ந்த சிவப்பு இலையை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். அவள் பச்சை இலை காட்டும் வரை யாரும் உள்ளே போகக்கூடாதாம். சோறு வடிக்க நானே இரண்டு முறை காத்திருந்தேன்.

காலியான மேற்கு முனையில் மருளையும், நான் தொட்டியில் வளர்த்துவந்த பினாங்கு மஞ்சள் கரை மருளையும் மாற்றி மாற்றி நட்டோம். அதைப் பேச்சியக்காவால் தாங்க முடியவில்லை.

"வேலியில கெடக்குற மருளயா ஆபீசர் வந்து பாக்கப்போறாரு? இது கயிறு திரிக்கிறது தாயி."

"பச்சையும் மஞ்சளும்" என்றார் முத்தையா. "டிரைவருக்குக் கொழப்பமே இல்ல மதினி. மெதுவாப் பாத்து உள்ள வா, அம்புட்டுத்தான்."

ஜென்ஜுவாங் முதல் நாலு நாள் மூச்சே விடவில்லை. ஐந்தாம் நாள் இரண்டு செடிகள் அடியோடு சாய்ந்தன. நான் மற்றவற்றை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எண்ணினால் குறையும் என்ற பயம். ஒன்பதாம் நாள் காலை பேச்சியக்கா வாசலில் வந்து நின்று, "செத்த வாங்க தாயி" என்று மட்டும் சொன்னார். போனேன். கட்டிய சடைகளின் நடுவே, உச்சியில், ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு இளஞ்சிவப்புச் சுருள் நிமிர்ந்துகொண்டிருந்தது. இருபத்தொன்பது செடியிலும். நாங்கள் இரண்டு பேரும் அந்த வெட்ட வெளியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினோம். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு சுற்றும் சுற்றினோம்.

*

மேலதிகாரி தனிப் பெட்டியில் வந்தார். உயரமானவர், பட்டணத்துப் பேச்சு. டிக்கெட் பார்த்தார், பதிவேடு பார்த்தார், தீயணைப்பு வாளியில் மணல் இருக்கிறதா என்று கையை விட்டே பார்த்தார். பேச்சியக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேற்கு முனையில் நின்றார். நான் குடியிருப்பின் வாசலில். 

அதிகாரி மருளைப் பார்த்தார். "இது வேலிச் செடி இல்லையா?" என்றார்.  மேலே நடந்துவிட்டார்.

நாங்கள் கணக்கிடாத விஷயம் இதுதான். அதிகாரிகள் ரயிலில் வருகிறார்கள், ரயிலிலேயே போகிறார்கள். சாலைப் பக்கத்து முகப்புக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள்? இருபத்தொன்பது செடியும் கட்டடத்துக்கு அந்தப் பக்கம், அதிகாரி இந்தப் பக்கம். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்து, அவர் தம் பெட்டியின் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். வைத்தவர் திரும்பினார்.

"மாஸ்டர், வண்டியை நிறுத்தின இலை ஒன்று இருந்ததாமே. அது எங்கே?"

என் கணவர் விறைப்பாக நின்று, "அகற்றிவிட்டோம் சார்" என்றார். உத்தரவில் இருந்த சொல்லையே சொன்னார். பொய்யும் இல்லை.

"அடடா, அகற்றியாகிவிட்டதா" என்று அவர் இரண்டாவது காலையும் தூக்கினார்.

 பேசியது பேச்சியக்கா. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து, வண்டியைக் கூப்பிடுகிற குரலில்:

"இருக்குதுங்கய்யா. அந்தாண்ட இருக்கு. செத்த வந்து பாத்துட்டுப் போங்க."

முத்தையா இருமினார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி இறங்கினார்.

வடக்கு முகப்பில் சடைகளை நாங்கள் முந்தின நாள்தான் அவிழ்த்திருந்தோம். மாலை வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அதிகாரி முதல் செடிக்கு எதிரே குனிந்தார். ஒரு இலையை விரலால் நீவினார்.

"எத்தனையோ நிலையத்தில் தோட்டம் பார்த்திருக்கிறேன்" என்றார். "டிரைவர் இறங்கி வந்து பார்த்த தோட்டம் இது ஒன்றுதான். ஆடியில் எப்படி இந்த நிறம்? தண்ணீர் யார் ஊற்றுவது?"

"நாந்தாங்கய்யா. காலையில இருபது கொடம், சாயங்காலம் இருபது கொடம்."

"அவ்வளவு தண்ணீர் இங்கே ஏது?"

பேச்சியக்கா மகிழ்ச்சியாக, பெருமையாக, முழு உண்மையைச் சொன்னார். "என்ஜினுக்குத் தண்ணி விடுற கொழாய் ஒண்ணு இருக்குல்லங்கய்யா, அது ராப்பகலா ஒழுகுது. கீழ தொட்டி வச்சுப் புடிச்சுக்கிறேன். சொட்டு வீணாகாதுங்க."

ஒழுகும் குழாயைப் பற்றி நிலையத்திலிருந்து யாரும் மேலே எழுதியிருக்கவில்லை. என் கணவரின் முகத்தில் அந்தச் சமயம் ஓடிய நிறங்களுக்குத் தோட்டக்கலைப் புத்தகத்தில் பெயர் இல்லை. அதிகாரி இரண்டையும் பதிவேட்டில் எழுதினார். முதலில் தோட்டம், அடுத்து குழாய். எழுதி முடித்து, "பக்கத்து இரண்டு நிலையத்துக்கும் இந்த அம்மாவை அனுப்பி இதே மாதிரி போடச் சொல்லுங்கள். பாதை ஓரம் வேண்டாம்" என்றார். வண்டி கிளம்பியது. அது கைகாட்டியைத் தாண்டும் வரை நாங்கள் அசையவில்லை. தாண்டியதும் முத்தையா பிளாட்பாரத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் என் கணவரும் உட்கார்ந்தார்.

*

இன்று ஆவணி இருபதாம் தேதி. நிலைமை இது.

பேச்சியக்காவின் வேலை அடுத்த ஆடி வரை நீட்டிக்கப்பட்டு, தாள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன என்று அதில் இல்லை. அவருடைய மூத்த மகள் காலை வண்டியில் பள்ளிக்கூடம் போகிறாள். புதன்கிழமைகளில் அதே வண்டியில் பேச்சியக்காவும் ரயில்வே பாஸோடு, மடியில் ஒரு கட்டுக் கரணையோடு அடுத்த நிலையத்துக்குப் போகிறார். சிவப்பு நிறப் பொருள் பற்றி விளக்கம் கேட்டு இரண்டாவது நினைவூட்டல் வந்திருக்கிறது. அந்த அலுவலகத்துக்கு மேலதிகாரி எழுதியது இன்னும் போய்ச் சேரவில்லை. குழாயைப் பழுது பார்க்க உத்தரவு வந்துவிட்டது, ஆள் வரவில்லை. நாங்களும் நினைவூட்டவில்லை. ஆள் வந்து ஒழுகல் நின்றால் தண்ணீருக்கு அரை மைல் தள்ளி ஒரு கிணறு இருக்கிறது. பேச்சியக்கா நேற்றுப் போய், கைகளை விரித்துப் பிடித்துக் கயிறு எத்தனை பாகம் வேண்டும் என்று அளந்துவிட்டு வந்தார்.